மானுக்கு விதைத்த தட்டைப்பயறு

அமெரிக்காவின் அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் மே மாதம் பிறந்ததும் விதைக்கடைகளில் ஒரு மூட்டை முன்வரிசைக்கு வந்துவிடும். உள்ளே வெளிறிய களிமண் நிறத்தில் சின்னச் சின்னப் பயறு. பெயர் 'அயர்ன் அண்ட் கிளே'. இரும்பு ஒரு ரகம், களிமண் ஒரு ரகம், இரண்டும் கலந்தது. வாங்குகிறவர் இதை உலையில் போடப்போவதில்லை. காட்டோரத்தில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ உழுது, வெள்ளைவால் மான் வந்து மேயட்டும் என்று விதைக்கப்போகிறார்.

நம் வீட்டு டப்பாவில் இருக்கும் தட்டைப்பயற்றின் உடன்பிறப்புதான் அது. காராமணி என்று சொல்கிற வீடுகளில், காரடையான் நோன்பு அடையைக் கடிக்கும்போது பல்லில் மெத்தென்று தட்டுப்படுமே, அதே இனம். நாம் பொரியல் செய்யும் நீளமான பயற்றங்காயும் இதன் கிளைதான்.

இதன் தாய்வீடு ஆப்பிரிக்கா. கானாவின் பழைய குடியிருப்புகளைத் தோண்டியபோது, 3,500 ஆண்டுகளுக்கும் முந்தைய பயறு கரிந்த நிலையில் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுக்கும் அது மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போன வழிதான் வேறு. அடிமைக் கப்பல்களில் போனது. விலங்கு பூட்டிக் கொண்டுபோன மனிதர்களைக் கரைசேரும் வரை உயிரோடு வைத்திருக்க ஏற்றிய உணவில் இந்தப் பயறும் இருந்தது. முதலில் கரீபியன் தீவுகள், பிறகு கரோலினா. அங்கே நெல்வயலிலும் பருத்திக்காட்டிலும் நாளெல்லாம் உழைத்துவிட்டு, குடிசை ஓரத்துத் துண்டு நிலத்தில் அவர்கள் இதை ஊன்றினார்கள். ஒவ்வொரு பருவத்திலும் நல்ல விதையைப் பொறுக்கி எடுத்துவைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. இன்று அந்த மூட்டையில் இருப்பது அவர்கள் பொறுக்கிய விதையின் வழிவந்ததுதான். மூட்டையின் மேல் அச்சிட்ட கொம்புமானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

வெள்ளைக்கார நிலக்காரர்கள் கொடியை மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 'கௌ பீ', மாட்டுப்பயறு என்றானது. யாழ்ப்பாணத்தில் கௌப்பி என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தச் சொல் இந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். அலபாமாவின் டஸ்கீகி கல்லூரியில் இருந்த கறுப்பின வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இதை மாட்டுத் தீவனம் என்று ஒதுக்கவில்லை. பருத்தி உறிஞ்சிப்போட்ட மண்ணைத் தேற்றும் பயிர் என்று 1903-இல் ஒரு சிறுநூல் எழுதினார். 1908-இல் அதைச் சமைக்கும் முறைகளுக்கென்றே இன்னொன்று எழுதினார். ஏழைக் கறுப்பின விவசாயியின் நிலமும் வயிறும் ஒரே பயிரால் தேறவேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பருத்திக்குப் பின் பயறு போட்டால் மண்ணில் தழைச்சத்து சேரும். ஆனால் தென்மாநில மணல் நிலங்களில் வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் இருந்தன. சாதாரணப் பயற்றின் வேரில் புழு பெருகி, அடுத்துவரும் பருத்தியையும் சாய்த்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் தெரியும். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் மணிபோல் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது நுண்ணுயிர் குடியிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் இடம். புழு போட்ட முடிச்சு உதிராது. வேரே வீங்கி, யானைக்கால் மாதிரி கோணிக்கொண்டிருக்கும்.

அமெரிக்க வேளாண் துறையில் வாடல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் ஆர்டன், தென் கரோலினா வயல்களில் ஒரு ரகத்தைக் கவனித்தார். மற்ற ரகங்கள் மஞ்சளித்துச் சாய்ந்த அதே மண்ணில் அது பச்சையாக நின்றது. விவசாயிகள் அதை 'அயர்ன்' என்று அழைத்தார்கள். ஆர்டனும் ஹெர்பர்ட் வெப்பரும் 1902-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த ரகம் வாடலையும் தாங்குகிறது, வேர்முடிச்சுப் புழுவையும் தாங்குகிறது என்று எழுதினார்கள். அயர்னையும் விப்பர்வில் என்ற ரகத்தையும் சேர்த்துப் பிராபம் என்ற புது ரகம் பிறந்தது. பின்னாளில் கலிஃபோர்னியாவில் விளைந்த, இதே இனத்துக் கறுப்புக்கண் பயற்றுக்குள்ளும் அயர்னின் எதிர்ப்புத்திறனைக் கொண்டுசேர்த்தார்கள்.

பிறகு சோயா வந்தது, மூட்டை உரம் வந்தது, உழவுமாடு போய் டிராக்டர் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மாட்டுப்பயற்றுக்கு வேலை இல்லாமல் போனது.

அந்தப் பயற்றுக்குத் திரும்ப வேலை கொடுத்தது மான். 1900 வாக்கில் கட்டற்ற வேட்டையால் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் சில லட்சங்களே மிஞ்சியிருந்தன. சட்டம் போட்டார்கள், மான் இருந்த காட்டிலிருந்து இல்லாத காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று ஏறத்தாழ மூன்று கோடி. அவற்றுக்குச் சோதனையான காலம் கோடையின் பிற்பகுதி. ஆணுக்குக் கொம்பு வளர்கிறது, பெண்ணுக்குக் குட்டி பால்குடிக்கிறது. அந்த நேரம் பார்த்துக் காட்டுத் தழை முற்றி நார்த்துப்போகிறது. பயற்றங்கொடியின் இலையில் புரதம் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல். இலையுதிர்காலத்தில் வேட்டை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; விதைப்பவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள்தான். ஆனாலும் வெயில் காலம் முழுக்க அந்தக் கொடியில் வயிறு நிறைவது தாய்க்கும் குட்டிக்கும் சேர்த்துத்தான்.

அப்படியானால் மளிகைக்கடைக் கறுப்புக்கண் பயற்றையே வாங்கித் தெளித்தால் என்ன? விலை குறைவு, முளைக்கவும் செய்யும். ஆனால் அது காய்க்கவென்றே வளர்த்த ரகம். சீக்கிரம் பூத்து, காய் முற்றி, இலை உதிர்ந்துவிடும். மானுக்கு வேண்டியது இலை. அயர்னும் கிளேயும் பகல் நீளமாக இருக்கும்வரை பூக்கும் அவசரம் இல்லாதவை. மே மாதம் விதைத்தால் கோடை முழுக்கத் தழைத்துக்கொண்டே போகும். விளைச்சல் பார்க்கிற விவசாயிக்கு எது குறையோ, அதுவே இங்கே நிறை.

கைதேர்ந்தவர்கள் மூட்டைமேல் இருக்கும் மானைப் பார்ப்பதில்லை, அடியில் தைத்திருக்கும் சீட்டைப் படிப்பார்கள். முளைப்புத்திறன் எவ்வளவு, எந்த மாதம் சோதித்தது, களைவிதை எத்தனை சதவீதம். 1939-ஆம் ஆண்டின் கூட்டரசு விதைச் சட்டம் வந்ததிலிருந்து இவற்றைச் சீட்டில் போட்டே ஆகவேண்டும். மண்சூடு 18 டிகிரி செல்சியசைத் தாண்டும்வரை காத்திருப்பார்கள். பயற்றுக்குரிய ரைசோபியத்தைக் கலந்தே விதைப்பார்கள். குளோவர் தீவனச் செடிக்கு விற்கிற நுண்ணுயிர் இதற்கு உதவாது.

முளைத்த முதல் மூன்று வாரம்தான் கண்டம். பயறு முளைக்கும்போது இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு வெளியே வருகிறது. மான் அந்தப் பருப்புக்குக் கீழே கடித்துவிட்டால் செடி முடிந்தது. மேலே கடித்தால், கணுவில் உறங்கும் மொட்டு விழித்துக் கிளைவிடும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் வெட்டாது, பிய்க்கும். காம்பு நுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் மான். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருந்தால் முயல். கால் ஏக்கர் மட்டும் விதைத்தவர் ஒரே வாரத்தில் வெறுந்தரையைப் பார்ப்பார். ஆகவே நிலத்தைப் பெரிதாக எடுக்கிறார்கள், அல்லது முழங்கால் உயரம் வரும்வரை மின்வேலி கட்டுகிறார்கள். நடுவே சோளமும் தூவுவதுண்டு. சோளத்தழையில் மான் அவ்வளவாக வாய்வைக்காது. பயறு அதன்மேல் ஏறிக்கொள்ளும்.

வேரூன்றிவிட்டால் பிறகு கவலை இல்லை. கடிக்கக் கடிக்கக் கிளைக்கும். அமில மண், மணல் மண், மழை தவறிய ஜூலை எல்லாவற்றையும் தாங்கும். அந்திவேளையில் தாய்மான் கொடிக்குள் தலையை விட்டு இலையைச் சுருட்டி இழுக்கும். புள்ளி மறையாத குட்டி பக்கத்தில் நின்று, தாய் விட்ட காம்பை முகர்ந்து பார்க்கும்.

முதல் உறைபனி விழும் இரவோடு சரி. காலையில் கொடி வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கும். மான்கள் ஓக் மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைத் தேடிப் போய்விடும். மான் வாய்க்குத் தப்பிய நெற்றுகள் வெயிலில் முறுக்கி வெடித்து, களிமண் நிறப் பயறு தரையில் சிதறும். அதைக் கொத்தக் காட்டுக் காடைகள் வரிசையாக வரும்.