துரைமார் கற்ற தமிழ்

தெஹியோவிட்ட முதலிய களனிப் பள்ளத்தாக்கு ஊர்களின் இறப்பர்த் தோட்டங்களுக்குப் புதியவர்களாக வந்தோர் இரு வகையினர். தமிழகத்திலிருந்து வந்து லயங்களில் குடியேறிய தொழிலாளர் ஒரு வகையினர்; பிரித்தானியாவிலிருந்து வந்து பங்களாக்களில் அமர்ந்த துரைமார் மற்றொரு வகையினர்.

பிரட்டுக்களத்தில் வேலை ஏவுவதற்குச் சின்னத்துரைக்குத் தமிழ் வேண்டியிருந்தது. பங்களாவில் இருந்தபடியே அதனைப் பயில அவருக்கு நூல்கள் கிடைத்தன. வெல்ஸ் என்பார் இயற்றிய 'கூலித் தமிழ்' 1915இல் கொழும்பில் வெளிவந்தது. அதற்கு முன்னரே வழங்கிய கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். அப்பெயரே அக்கல்வியின் நோக்கத்தை உணர்த்தப் போதுமானது.

லயத்துப் பிள்ளைகளின் நிலை வேறு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையையே நிருவாகத்திடம் ஒப்படைத்தது. கந்தோரிலும் வழக்குமன்றத்திலும் ஆட்சி செலுத்திய ஆங்கிலம் அவர்களுக்கு எட்டாக்கனியாயிற்று. செக்ரோலில் தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டதை அறியவும் பெரும்பாலோர் கணக்கப்பிள்ளையையே நம்பியிருந்தனர்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. அவற்றை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். கட்டளையிடும் மொழி துரைமாருக்குச் சில மாதங்களில் கைவந்தது. அக்கட்டளைக்கு விளக்கம் கேட்கும் மொழிக்காகத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகள் காத்திருந்தன.