புவியீர்ப்பும் சமநிலைப் புலனும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊர்காவற்றுறைக் கடலில் வலையிற்படும் இறால் தீவக மக்களுக்கு நன்கு பழகிய உயிரினமாகும். இறாலினங்கள் பலவற்றின் சிற்றுணர்கொம்புகளின் அடியில் நுண்ணிய பையொன்று உண்டு. அதனுட் கிடக்கும் மணற்றுகள்கள், உடல் சாயுந்தோறும் இடம்பெயர்ந்து உணர்மயிர்களை அழுத்துகின்றன. மேல் யாது, கீழ் யாது என்பதை இறால் இவ்வாறே உணர்கின்றது. தோல் கழற்றுங்கால் பழைய துகள்களும் நீங்கிவிடுதலின், அது புதுமணலைச் சேர்த்துக்கொள்ளுகின்றது.

இவ்வியல்பினை 1893இல் வியன்னா நகர ஆய்வாளர் அலோயிஸ் கிறைடில் பரிசோதனைக்குப் பயன்படுத்தினார். தோல் கழற்றிய இறால்களுக்கு மணலுக்குப் பதிலாக இரும்புத்துகளை அளித்தார். அவை அதனையே பையிற் சேர்த்துக்கொண்டன. பின்னர்க் காந்தத்தை அணுகச் செய்தபோது, அதன் கவர்ச்சிக்கேற்ப அவை உடல்நிலையை மாற்றின. சமநிலையை உணரும் உறுப்பு யாதென்பது இதனால் தெளிவாயிற்று. எனினும், ஈர்ப்பை உணராது வளரும் உயிரிடத்து இவ்வுறுப்பு தோன்றுமா, தோன்றின் பயன்படுமா என்னும் வினாக்கள் எஞ்சின. நெடுநாள் நிறையற்ற நிலையைப் புவியில் ஏற்படுத்த இயலாமையின், இவை விண்வெளி யுகம்வரை காத்திருந்தன.

1970 நவெம்பர் 9ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா இரு தவளைகளைச் செயற்கைக்கோளொன்றில் ஏற்றி, அவற்றின் உட்செவி நரம்புத் துடிப்புகளைப் பதிவுசெய்தது. தொடக்கத்தில் தோன்றிய மாறுபாடுகள் சில நாள்களில் தணிந்தன. ஆயினும் அவை முதிர்ந்த விலங்குகள். வளர்ச்சி பற்றிய வினாவுக்கு அவற்றால் விடை கிட்டவில்லை.

அவ்விடையைத் தேடி 1991 யூன் மாதம் சொறிமுட்டையின் இளநிலை உயிர்கள் 2,478 கொலம்பியா விண்ணோடத்திற் கொண்டுசெல்லப்பட்டன. விண்வெளியில் வளர்ந்தவற்றிலும் சமநிலைக் கற்கள் உருவாகியிருந்தன. ஆனால், புவிக்கு மீண்டபின் நீந்துதலிற் பிறழ்வுடையவை, புவியில் வளர்ந்தவற்றினும் அவற்றுள் மிகுந்து காணப்பட்டன. 1998இல் அதே விண்ணோடத்தில் 16 நாள் பறந்த எலிக்குட்டிகளும் ஆராயப்பட்டன. மல்லாக்கக் கிடத்தியபோது உடலைத் திருப்பி எழும் முறையில், அவை புவியில் வளர்ந்த குட்டிகளினின்றும் வேறுபட்டன.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். உறுப்பின் அமைப்பு பெரும்பாலும் மரபுவழி வருவது; அதனைப் பயன்படுத்தும் திறனோ இளமையிற் பெறும் அனுபவத்தால் நிரம்புவது. முதிர்ந்த உயிர் இழந்த பழக்கத்தை மீட்டுக்கொள்ளும். இளம் உயிரோ அப்பழக்கத்தை முதன்முறையாகப் பெறவேண்டியுள்ளது. சந்திரனிலும் செவ்வாயிலும் குடியேறுதல் பற்றிப் பேசப்படும் இந்நாளில், அங்குச் செல்வோரினும் அங்குப் பிறக்கக்கூடிய குழந்தைகளைப் பற்றியே முதலிற் சிந்தித்தல் வேண்டும் என்பதை இவ்வாய்வு வரலாறு வற்புறுத்துகின்றது.