‘ஒரிஜினல் இன்ஜின்தான் சார்’: பழைய ஃபியட், அம்பாசடர் வாங்கும்போது இதை எப்படிச் சரிபார்ப்பது?

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாட்தேவ் ஆர்டிஓவில் பதிவானது. இந்த நகரத்தில் டாக்சிக்கு 20 வருடம்தான் ஆயுள் என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் கறுப்பு-மஞ்சள் பத்மினிக்கு ரோட்டில் இடமில்லை.

டாக்சி போனாலும் வண்டி மேல் உள்ள ஆசை போகவில்லை. மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஃபியட் என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. இன்று சம்பாதிக்கத் தொடங்கிய தலைமுறை, நல்ல நிலையில் ஒரு டிலைட்டோ பத்மினியோ கிடைக்குமா என்று தேடுகிறது. விலை பேசும்போது கண்டிப்பாகக் காதில் விழும் ஒரு வாக்கியம்: “ஒரிஜினல் இன்ஜின்தான் சார், ஆர்சியோட மேட்ச் ஆகுது பாருங்க.”

அந்த வாக்கியத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஆர்சியோடு மேட்ச் ஆவது ஒன்று. ஃபேக்டரியில் பொருத்திய அதே இன்ஜினாக இருப்பது இன்னொன்று. முதலாவது உண்மையாக இருந்து, இரண்டாவது பொய்யாக இருக்க முடியும். பணம் கொடுப்பதற்கு முன் இந்த வித்தியாசம் புரிந்தால் போதும், பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம்.

ஏன் இது முக்கியம்?

முதல் காரணம், விலை. உலகம் முழுக்கப் பழைய கார் சந்தையில் ‘மேட்சிங் நம்பர்’ வண்டிக்குத் தனி மதிப்பு. வண்டியில் இப்போது இருக்கும் இன்ஜின் நம்பரும், ஃபேக்டரி ஆவணத்தில் அந்த சேஸிஸுக்கு எழுதப்பட்ட நம்பரும் ஒன்றாக இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இரண்டாவது காரணம், சட்டம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிக்கு நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான தேவைகளுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். இதில் முக்கியமான நிபந்தனை: சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் நடந்திருக்கக் கூடாது. 1970களின் நடுவில் வந்த ஆரம்பகால பத்மினிகள் இந்த 50 வருட வரம்பைத் தொடத் தொடங்கிவிட்டதால், கேள்வி இப்போது நம் வாசலுக்கே வந்திருக்கிறது.

மூன்றாவது, திருட்டு. நம்பர் சுரண்டப்பட்ட இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் இப்போதைய உரிமையாளர்தான்.

இத்தனை வண்டிகளில் இன்ஜின் மாறியது எப்படி?

பெரும்பாலும் இதில் வில்லத்தனம் எதுவும் இல்லை, வயிற்றுப்பாடுதான். பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்த காலத்தில், அம்பாசடர்களிலும் ஜீப்புகளிலும் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மாடடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றுவது நாடு முழுக்க வழக்கமாக இருந்தது. மும்பை டாக்சிகள் பலவும் டீசலுக்குப் போயின. பிறகு, காற்று மாசு வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, 2000களின் தொடக்கத்தில் சிஎன்ஜிக்கு மாறின.

ஃபியட்டில் இன்னொரு சிக்கல். 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லா ஃபேக்டரியில் செய்த 1100 டிலைட், பிரசிடென்ட், பத்மினி மூன்றுமே அடிப்படையில் ஒரே வண்டி. பெயர்தான் மாறியது, 1089 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் தொடர்ந்தது. எனவே 1960களின் டிலைட்டில் 1980களின் பத்மினி இன்ஜினை ஏற்றினால், பானட்டைத் திறந்து பார்ப்பவருக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. செம்பூர், தாராவி இரண்டிலிருந்தும் பக்கத்தில் உள்ள குர்லா சிஎஸ்டி ரோடு மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் ‘ஹாஃப் இன்ஜின்’ வாங்கிப் போட்டு வண்டியை ஓடவைப்பது, ரீபோர் செய்வதைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை.

ரீபோர் செய்தால் பிளாக் அதேதான், நம்பரும் அதேதான். ஹாஃப் இன்ஜின் போட்டால் பிளாக்கே மாறிவிடும். அதோடு நம்பரும் போய்விடும்.

படி 1: நம்பரை நீங்களே எடுங்கள்

விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை நம்பாதீர்கள். டார்ச், துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். இன்ஜின் நம்பர் பெரும்பாலும் பிளாக்கில் சமமாகச் செதுக்கிய ஒரு சிறிய பகுதியில் குத்தப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கிரீஸைத் துடைத்துவிட்டு, கடன் வாங்கும்போது வங்கிக்காரர் எடுக்கிற மாதிரி ‘பென்சில் பிரிண்ட்’ எடுங்கள். பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தால் எழுத்தின் வடிவமும் ஆழமும் அப்படியே வந்துவிடும். சேஸிஸ் நம்பருக்கும் இதையே செய்யுங்கள்.

குத்திய நம்பர் வேறு, வார்ப்பு நம்பர் வேறு. பிளாக்கில் புடைத்துக்கொண்டு தெரியும் எழுத்துகள் அச்சிலிருந்து வந்தவை. ஒரே அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் அது இருக்கும். ஒரு தனி வண்டியை அது அடையாளம் காட்டாது.

படி 2: குத்தியது யார் என்று பாருங்கள்

எழுத்துகள் ஏறி இறங்கி, வெவ்வேறு ஆழத்தில் இருக்கிறதா? சுற்றிலும் பழைய துரு இருக்க, நம்பர் உள்ள இடம் மட்டும் கிரைண்டர் போட்ட மாதிரி பளபளக்கிறதா? அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட்டா? இவையெல்லாம் மறுபடி குத்தியதற்கான அறிகுறிகள்.

இதில் உலகப் புகழ் பெற்ற உதாரணம் அமெரிக்காவின் செவர்லே கார்வெட். 1960களிலிருந்தே அதன் இன்ஜினில் வண்டியின் வரிசை எண்ணையும் குத்தினார்கள். அந்த நம்பர் இருக்கும் இடம், சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்தளத்தின் மட்டத்திலேயே இருக்கிறது. ஓவர்ஹாலில் அந்தத் தளத்தை நேர்மையாகவே செதுக்கினாலும் நம்பர் அழிந்துவிடும். மோசடிக்காரர்களும் அதே காரணத்தைச் சொல்லிச் செதுக்கிவிட்டுப் புது நம்பர் குத்துவார்கள். அதனால் அங்கே நிபுணர்கள் நம்பரை மட்டும் பார்ப்பதில்லை. உலோகத்தின் மேல் ஃபேக்டரி மெஷின் விட்ட மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துத் தேடுகிறார்கள்.

சில இன்ஜின்களில் நம்பர் பிளாக்கில் இருக்காது. அம்பாசடருக்கு மூதாதையான பிரிட்டிஷ் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எம்ஜிபி காரில், ரிவெட் அடித்த ஒரு தகட்டில்தான் நம்பர் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறு இன்ஜினில் அடிப்பது கஷ்டமான வேலை இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் ரிவெட்டையும் பாருங்கள்.

படி 3: இன்ஜின் வண்டியைவிட இளையதா?

பிள்ளைக்குப் பிறகு அம்மா பிறக்க முடியாது. அதே மாதிரி, வண்டி தயாரான தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக், அந்த வண்டியின் முதல் இன்ஜினாக இருக்க முடியாது. வார்ப்புத் தேதி உள்ள பிளாக் என்றால் இது மிக எளிதான சோதனை. செவர்லேயில் ‘சி 14 9’ என்ற வார்ப்புக் குறி 1969 வண்டியில் இருந்தால், அதற்கு மார்ச் 14, 1969 என்று பொருள்: முதல் எழுத்து மாதம், நடுவில் நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம்.

தேதி இல்லாவிட்டால் வகைக் குறியீடு உதவும். எம்ஜிபியில் ‘18ஜிபி’ என்று தொடங்கும் நம்பர், ஐந்து மெயின் பேரிங் கொண்ட இன்ஜினைக் குறிக்கும். அது 1964 அக்டோபரில்தான் வந்தது. 1963 எம்ஜிபியில் அந்த எழுத்துகள் இருந்தால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

நம் ஊர் வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அம்பாசடரில் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்தான் பல பத்தாண்டுகள் இருந்தது. 1800 சிசி இசுசு இன்ஜின் 1990களில்தான் வந்தது. 1972 அம்பாசடரில் இசுசு இருந்தால், அது நன்றாக ஓடும் வண்டியாக இருக்கலாம். ஒரிஜினல் இன்ஜின் வண்டி இல்லை. 1970களின் பத்மினியில் டீசல் இன்ஜின் இருந்தாலும் இதே முடிவுதான்.

படி 4: பழைய அறுவை சிகிச்சையின் தழும்பு

டீசல் ஏற்றிய வண்டியை, விலை ஏறியதும் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி விற்பதும் நடக்கும். இன்ஜின் மறைந்தாலும் தழும்பு மறையாது. இன்ஜின் மவுண்டிங் வெட்டி வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா, கிராஸ் மெம்பரில் தேவையில்லாத ஓட்டைகள் இருக்கின்றனவா, ரேடியேட்டர் இடம் மாறியிருக்கிறதா, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு தகடு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் சிலிண்டர் பொருத்திய ஓட்டைகள், சிஎன்ஜி காலத்தை மறைக்காமல் சொல்லிவிடும்.

படி 5: காகிதம், அதுவும் பழைய காகிதம்

எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால், வண்டியின் எரிபொருள் வகையும், சில இலக்கங்கள் மறைத்த இன்ஜின், சேஸிஸ் நம்பர்களும் வரும். அதைப் பென்சில் பிரிண்டோடு ஒப்பிடுங்கள். ஆனால் அங்கே தெரிவது இன்றைய நிலைமை மட்டுமே. 1995-ல் ஆர்டிஓ அனுமதியோடு இன்ஜின் மாற்றியிருந்தால், புது நம்பர்தான் பதிவில் ஏறியிருக்கும். அது சட்டப்படி சுத்தமான வண்டி. ஆர்சியோடும் மேட்ச் ஆகும். ஃபேக்டரி இன்ஜின் மட்டும் இருக்காது.

எனவே கேட்க வேண்டியது பழைய ஆர்சி புத்தகம். ஸ்மார்ட் கார்டுக்கு முந்தைய அந்தப் புத்தகத்தில்தான் உரிமையாளர் மாற்றமும் இன்ஜின் மாற்றக் குறிப்பும் பக்கம் பக்கமாக இருக்கும். புத்தகம் இல்லையா? முதல் விற்பனை ரசீது, பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகள், வரி ரசீதுகள் என்று எது இருந்தாலும் பாருங்கள். பாலிசிகளில் இன்ஜின் நம்பர் இருக்கும். ஒரே நம்பர் 1978, 1986, 1999 என்று தொடர்ந்து வந்தால் நம்பிக்கை கூடும். நடுவில் மாறினால், மாறிய வருடமே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் தயாரான பல கார்களுக்கு பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட், பழைய ஃபேக்டரிப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. உங்கள் கண் ஒரு பழைய எம்ஜி மேல் என்றால், வாங்கும் முன் அதைப் பெறுவது புத்திசாலித்தனம். குர்லா ஃபியட்டுக்குப் பழைய காகிதமே பெரிய சாட்சி. அதனால்தான் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ரசீதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது.

நம்பர் பொருந்தவில்லை என்றால்?

பயப்படுவதற்கு முன் எழுத்துப் பிழையா என்று பாருங்கள். புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது பூஜ்யம் ஆங்கில ‘ஓ’ ஆகியிருக்கலாம், 8 ‘பி’ ஆகியிருக்கலாம். ஆர்டிஓவில் திருத்த முடியும்.

உண்மையிலேயே வேறு இன்ஜின் என்றால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அந்த நம்பர் திருட்டு வாகனப் பட்டியலில் உள்ளதா என்று தேடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும்; மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. “வாங்கிட்டு நீங்களே மாத்திக்கோங்க சார், ஈஸி” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்பவர் பெயரில் இருக்கும்போதே பதிவு சரியாகட்டும். பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம். பொருந்தாத நம்பரோடு ஓட்டினால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அப்படியானால் இன்ஜின் மாறிய வண்டியை வாங்கவே கூடாதா?

தாராளமாக வாங்கலாம். வாரக்கடைசியில் குடும்பத்தோடு மரைன் டிரைவ் வரை போய்வர ஒரு பத்மினி வேண்டும் என்றால், அதே வகை 1089 சிசி இன்ஜின், சரியான ஆர்சி, நல்ல கம்ப்ரஷன் மூன்றும் இருந்தால் போதும். அதற்கு ‘மேட்சிங் நம்பர்’ விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ‘விஏ’ பதிவோ, சேகரிப்போ, மறுவிற்பனையோ நோக்கம் என்றால் ஐந்து படிகளையும் தாண்டிய வண்டிதான் வேண்டும்.

எப்படி இருந்தாலும், பேரம் பேச ஆரம்பிக்கும் முன் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: “ஆர்சியோட மேட்ச் ஆகுது, சரி. முதல் ஆர்சியோட மேட்ச் ஆகுதா?” கையில் காகிதம் உள்ளவர் எடுத்துக் காட்டுவார். இல்லை என்றால், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.