காத்திருக்கும் பிடில்

திருப்பூர்ப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பனியன் தொழிலாளி ஒருவரின் மகன், "ஐயா, பிடில் மேனாட்டு வாத்தியமாயிற்றே, அது நம்முடையதானது எங்ஙனம்?" என்று வினவினான். பாடத்துக்குப் புறம்பென்று அவனை அமர்த்திவிட்டேன். அவ்வினாவுக்கு இன்று விடை கூறுகிறேன்.

முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் பயின்று, அதனை நம் இசைக்கு ஆக்கினார். மேனாட்டார் அதை மோவாயின்கீழ் இடுக்கி வாசிப்பர். நம்மவரோ தரையில் அமர்ந்து, அதன் தலையை வலக்காலில் ஊன்றினர். தாங்கும் வேலையினின்று இடக்கை விடுபட்டது; கமகம் எளிதாயிற்று.

இனி, அமெரிக்கரான சாமுவேல் பார்பர் இயற்றி, 1941-இல் பிலடெல்பியாவில் அரங்கேறிய வயலின் கான்செர்ட்டோவைக் கேளுங்கள். பல்லியத்தின் நடுவே பிடிலே அதில் தலைமைக் கருவி. எனினும், விளம்ப காலத்தில் அமைந்த இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் அது மௌனமாயிருக்கிறது. ஓபோ என்னும் துளைக்கருவி நெடியதோர் இன்னிசையைப் பாடுகிறது. பின்னரே பிடில் நுழைந்து, வேறொன்று பேசி, முடிவை நெருங்குகையில் ஓபோவின் இசையைத் தானும் ஏற்றுப் பாடுகிறது.

நம் கச்சேரியில் பாடகரின் ஆலாபனைக்குச் செவிசாய்த்து, பிடில் மறுமொழி கூறுவதும் இவ்வாறன்றோ? பிறந்த நாட்டால் அன்று, நம் குரலைப் பொறுமையுடன் கேட்டதால் அது நம்முடையதாயிற்று. அச்சிறுவனைக் கேளாதிருந்த என் பிழையை எனக்கு உணர்த்தியதும் அந்த மௌனமே.