ஊர்காவற்றுறைத் தொகுதியின் வாக்குகள்: ஒரு வரலாற்று நோக்கு

தீவுப்பகுதியின் வாக்கு குடாநாட்டின் வாக்கினின்றும் வேறுபட்டது, அதிகாரத்தில் இருப்போரை நாடிச் செல்வது என்றொரு கருத்து யாழ்ப்பாணத்துப் படித்தவர் மத்தியில் உண்டு. 1994ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர் அது ஏறத்தாழப் பழிச்சொல்லாகவே ஆகிவிட்டது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலியவற்றை உள்ளடக்கிய ஊர்காவற்றுறைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை முறையாக நோக்குவோர் இக்கருத்தை ஏற்றுக்கொள்வது கடினம்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ்ச் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது, அவ்வமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அறைகூவல் விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகியவற்றோடு ஊர்காவற்றுறையிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. கொள்கையளவில் அது துணிவான முடிவே. ஆயின் வாக்குரிமையை முதன்முறையாகப் பெற்றிருந்த பெண்களும், உழைக்கும் ஏழைகளும், ஒடுக்கப்பட்ட சாதியினரும் அவ்வுரிமையைப் பயன்படுத்த முடியாது போயிற்று என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் போதியளவு வலியுறுத்தியதில்லை. 1934 இடைத்தேர்தலில் நெவின்ஸ் செல்வதுரை தெரிவாகும்வரை தொகுதிக்குப் பிரதிநிதி இருக்கவில்லை.

வேறுபாடு முதன்முதலாகத் தெளிவாய்ப் புலப்பட்டது 1947இல் ஆகும். குடாநாடும் தீவுகளும் சேர்ந்த ஏழு தொகுதிகளுள் ஆறனைத் தமிழ்க் காங்கிரஸ் கைப்பற்ற, ஊர்காவற்றுறை மாத்திரம் சுயேச்சையாக நின்ற ஏ. எல். தம்பிஐயாவைத் தெரிவுசெய்தது. அவர் கொழும்புத் துறைமுகச் சரக்குப்படகுத் தொழிலில் முதன்மை பெற்றிருந்தவர். 1952இலும் அவரே வென்றார். இதனை அரசியற் பிற்போக்கு என ஒதுக்கிவிடல் எளிது. தீவின் பொருளாதாரத்தை அறிந்தோர் அவ்வாறு கூறார். நன்னீர் அரிது, நெல் விளையும் நிலம் குறைவு. ஆகவே ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகளில் உழைத்து அனுப்பிய பணத்திலேயே பல குடும்பங்கள் வாழ்ந்தன. கொழும்பில் வேலையும் செல்வாக்கும் பெற்றுத்தரக்கூடியவரை நாடுவது அத்தகைய சமூகத்துக்கு இயல்பு.

அதே சமூகம் 1956இல் வேறு முடிவெடுத்தது. தனிச்சிங்களக் கோஷம் தென்னிலங்கையில் மேலோங்கிய வேளையில் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா வெற்றிபெற்றார். (அதே ஆண்டு பருத்தித்துறை அனுப்பிய பொ. கந்தையா கம்யூனிஸ்ட், பெயரொற்றுமையால் இருவரையும் மயங்கல் ஆகாது.) தென்னிலங்கையிற் பிழைத்தவர்களையே மொழிப் பிரச்சினை முதலில் தாக்கும் என்பதைத் தீவார் உணர்ந்திருத்தல் வேண்டும், 1958இல் அகதிகளாய்த் திரும்பியோருள் தீவுப்பகுதி வணிகரும் இருந்தனர்.

இத்தொகுதியின் வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரியது 1970ஆம் ஆண்டாகும். கந்தையா மறைந்தபின் 1963 இடைத்தேர்தலில் வந்த வ. நவரத்தினம் தமிழரசுக் கட்சியின் மூலவர்களுள் ஒருவர். கட்சியோடு முரண்பட்டு வெளியேறிய அவர், தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்துத் தனியரசுக் கோரிக்கையோடு போட்டியிட்டார். நாட்டைப் பிரிக்கக் கோருவோரை ஆதரிக்க வேண்டாமெனத் தமிழரசுக் கட்சி தன் விஞ்ஞாபனத்தில் மக்களைக் கேட்டது. நவரத்தினம் தோற்றார், தமிழறிஞர் கா. பொ. இரத்தினம் வென்றார். ஏழாண்டுகள் கழிந்து, 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி 1977இல் தனியரசுக்கு ஆணை கேட்டபோது வென்றவரும் அதே இரத்தினமே. 1970இல் மக்கள் நிராகரித்தது கோரிக்கையையா, கட்சியை விட்டு விலகியமையையா? பின்னதே காரணம் என்பது எமது கருத்து. கொள்கையை ஆராய்ந்து வாக்களித்திருப்பின், அவ்வேழாண்டுகளில் 1972 அரசியலமைப்பும் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் ஏற்படுத்திய கசப்பை மட்டும் கொண்டு இம்மாற்றத்தை முழுமையாக விளக்குதல் இயலாது. ஊரின் வாக்கைக் கட்சியின் பெயரே பெரிதும் திரட்டியது.

1983இல் ஆறாவது திருத்தத்தின் விளைவாகக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். தொகுதி 1931இற் போல மீண்டும் பிரதிநிதியற்று நின்றது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படைநடவடிக்கைகளின் பின் தீவுகள் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. தீவாரிற் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்திருந்தனர். இந்நிலையில் நடந்ததே 1994 தேர்தல். ஏறக்குறைய 6 இலட்சம் பதிவுசெய்த வாக்காளரைக் கொண்ட மாவட்டத்தில், சுயேச்சைக் குழுவாக நின்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 10,744 வாக்குகளால் 10 ஆசனங்களுள் 9ஐப் பெற்றது. அவ்வாக்குகளிற் பெரும்பாலானவை தீவுகளிலிருந்து வந்தவை. வாக்களிக்க முடிந்தவர் யார், எவரின் காவலின்கீழ் என்ற வினாக்களை விடுத்து இவ்வெண்களிலிருந்து ஒரு மக்கட்கூட்டத்தின் மனச்சார்பைக் கணிப்பது ஆய்வு ஆகாது. 2001 நவம்பரில் பிரசாரத்துக்குச் சென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டு, இருவர் கொல்லப்பட்டமையையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

போருக்குப் பின் 2011 உள்ளூராட்சித் தேர்தலில் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச சபைகள் ஆளும் கூட்டணியின்வழி ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியிடம் சென்றன. ஈராண்டுகளின் பின், 2013 மாகாணசபைத் தேர்தலில், இத்தொகுதி கூட்டமைப்புக்கே முதலிடம் அளித்தது. படகுச்சேவை, குடிநீர், வீதி என்பவற்றுக்கு ஒருவரும் அரசியற் கோரிக்கைக்கு மற்றொருவரும் எனத் தீவார் பிரித்து வழங்கினர்போலும். 2024 நவம்பரிலோ யாழ்ப்பாண மாவட்டம் முழுவதிலும் ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தியே முதலிடம் பெற்று 6 ஆசனங்களுள் 3ஐ எடுத்தது. 1994இல் தீவுகளின் வாக்கோடு பாராளுமன்றம் புகுந்த டக்ளஸ் தேவானந்தா அவ்வாண்டில் ஆசனம் இழந்தார்.