குளவித் தீவின் அரசி

சீனப் பேரரசரின் அந்தப்புரம் என்றதும் பட்டாடையும் பொன் ஊசியும் நஞ்சு கலந்த தேநீரும் கண்முன் தோன்றுகின்றன. தெருக்கூத்து மேடை தொடங்கித் தொலைக்காட்சித் தொடர் வரை அக்கதைகள் சிங்கப்பூர் மக்களுக்கு இனம் கடந்து பழக்கமானவை. ஆயினும் அந்தப்புரப் பூசலின் உண்மையான கூர்மை நஞ்சில் இருந்ததில்லை, முத்திரையில் இருந்தது. 1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சியன் பெங் பேரரசர் மறைந்தபோது, அவருக்குப் பின் அரியணைக்குரிய மகனுக்கு வயது ஐந்து. எட்டு அமைச்சர்கள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர். ஆனால் அவர்கள் விடுக்கும் ஆணைகளில் இரண்டு முத்திரைகள் பதிந்தாக வேண்டும். ஒன்று, மகப்பேறில்லாத பட்டத்தரசி ட்சூ ஆன் கையில். மற்றொன்று, சிறுவனின் பெயரால் அவனைப் பெற்ற ட்சூ ஸி கையில். ஒருத்திக்கு ஒருத்தி போட்டியாக இருந்திருக்க வேண்டிய அவ்விருவரும் ஒன்று சேர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் முடிவதற்குள் அமைச்சர் எண்மரும் வீழ்ந்தனர். வாளேந்திய ஆடவர் எண்மரைக் கைப்பிடி அளவுள்ள இரண்டு முத்திரைகள் வென்றன.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, சிங்கப்பூருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்துக் கடலில், இதே வகையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அங்கும் மன்னர் மறைந்தார். அங்கும் மகப்பேறில்லாத அரசியின் கையில் அரசுரிமைச் சின்னங்கள் இருந்தன. அவற்றை அவள் எவருக்கும் தர மறுத்தாள். அந்த மறுப்பின் விளைவுகளுள் ஒன்றே இன்றைய சிங்கப்பூர் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆயினும் பள்ளிப் பாட நூல்களில் ராபிள்சுக்குப் பல பக்கங்கள் கிடைக்க, ராஜா ஹமீதாவுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிதாக இருக்கிறது.

ஜொகூர், ரியாவ், லிங்கா ஆகிய பகுதிகளை ஆண்ட மூன்றாம் மகமூது ஷாவின் அரசு இரண்டு குதிரைகள் பூட்டிய தேர் போன்றது. சுல்தான் மலாய் மரபினர். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த யாங் டிபெர்த்துவான் மூடா, அதாவது இளைய மன்னர், செலிபிஸ் தீவிலிருந்து வந்த பூகிஸ் மரபினர். 1720களிலிருந்து இந்தப் பங்கீடு நிலவி வந்தது. பட்டம் ஒருவரிடம், படையும் வணிகமும் மற்றவரிடம் என்றால் பகை வளராமல் என்ன செய்யும்? அப்பகையைத் தணிக்கவே 1803ஆம் ஆண்டை ஒட்டி ஒரு திருமணம் பேசப்பட்டது. 1784இல் மலாக்காவில் டச்சுக்காரர்களோடு பொருது மாண்ட பூகிஸ் வீரர் ராஜா ஹாஜியின் மகள் ஹமீதாவை மகமூது ஷா மணந்தார். பென்யெங்காட் என்னும் சிறு தீவு மணக்கொடையாக அவளுக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமே உள்ள தீவு அது. நீர் எடுக்கக் கரையேறிய மாலுமிகளைக் குளவிகள் கொட்டி விரட்டியதால் அப்பெயர் வந்தது என்பர். பென்யெங்காட் என்றால் கொட்டும் பூச்சி. அதன் அரசிக்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

மகமூது ஷாவுக்கு மனைவியர் நால்வர். அவர்களுள் இருவர் உயர்குடியில் பிறந்தவர்கள்: ஒருத்தி பகாங் பெண்டகாராவின் குடும்பத்துப் பெண், மற்றவள் ஹமீதா. (பெண்டகாரா என்னும் பட்டத்தில் ‘பண்டாரம்’ ஒலிப்பதைத் தமிழர் எளிதில் உணரலாம், கருவூலத்தைக் காப்பவரே முதலமைச்சராக உயர்ந்திருக்கிறார்.) இவ்விருவருக்கும் பிள்ளைகள் தங்கவில்லை. ஹமீதா ஈன்ற ஒரே பெண்மகவு பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்தது. அரச குருதி இல்லாத மற்ற இரு மனைவியருக்கே ஆண் மக்கள் பிறந்தனர். மூத்தவர் தெங்கு லோங் எனப்பட்ட ஹுசேன். இளையவர் அப்துல் ரகுமான். பட்டத்தரசியின் மகன் இருந்திருந்தால் கேள்வியே எழுந்திராது. அவன் இல்லாததால், பிறப்பால் சமமான இருவருக்கிடையே அவரவர் பின்னால் நின்ற குடிகளின் வலிமையே வழக்கைத் தீர்க்கும் நிலை உண்டாயிற்று.

1812 ஜனவரியில் மகமூது ஷா லிங்காவில் காலமானார். மூத்தவர் அப்போது அங்கு இல்லை. பகாங் பெண்டகாரா குடும்பத்தில் மணம் முடிக்கச் சென்றிருந்த அவர், பருவக்காற்று இடம் தராததால் உடனே திரும்ப இயலவில்லை. பழைய மன்னரை அடக்கம் செய்யுமுன் புதிய மன்னரை அறிவித்துவிட வேண்டும் என்பது மலாய் அரசர்களின் மரபு. இளைய மன்னராக இருந்த ராஜா ஜாபர் அம்மரபைக் காரணமாகக் காட்டி அப்துல் ரகுமானைச் சுல்தானாக அறிவித்தார். இராமகாதையில் பரதன் கேகய நாட்டில் இருந்தபோது அயோத்தியில் நடந்தவை தமிழர் நினைவுக்கு வரலாம். அங்கே வெளியூரில் இருந்தவன் இளையவன், இங்கே மூத்தவர். வேறொரு வேறுபாடும் உண்டு. அங்கே சிற்றன்னை தன் மகனுக்காகப் போராடினாள். இங்கே போராடிய அரசிக்கு மகனே இல்லை.

ராஜா ஜாபரும் ராஜா ஹாஜியின் மகனே. எனவே ஹமீதாவுக்கு உடன்பிறப்பு. தமையன் தங்கை உறவும் பூகிஸ் குல உறவும் ஒன்று சேர்ந்து தமக்குத் துணை நிற்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஹமீதா அவ்வாறு செய்யவில்லை. நொபாட் என்னும் முரசங்களும் குழல்களும், சோகான் என்னும் பொன் இலைச் சின்னமும், வெற்றிலைத் தட்டும் அவளது பொறுப்பில் இருந்தன. சங்ககாலத்து வேந்தர்க்குக் காவல் முரசும் வெண்கொற்றக் குடையும் எப்படியோ அப்படியே மலாய் மன்னர்க்கு அவை. நொபாட் முழங்காமல் முடிசூட்டு இல்லை. அச்சின்னங்களை அவள் தமையன் தேர்ந்த இளையவரிடம் ஒப்படைக்கவில்லை. மறைந்த கணவரின் விருப்பம் ஹுசேனே என்று அவள் கருதியதாகவும், மரபு மீறப்பட்ட அவசரத்தை அவள் வெறுத்ததாகவும் கூறுவர். பகாங் பெண்டகாராவும் சிங்கப்பூர்த் தெமங்கோங்கும் ஹுசேன் பக்கம் சாய்ந்தனர். எனினும் அவள் சின்னங்களை ஹுசேனிடமும் கொடுத்துவிடவில்லை. கருத்து வேறு, காவல் வேறு என்று அவள் பிரித்து வைத்தாள் போலும். இதனால் ரியாவ் அரசில் பதினோர் ஆண்டுகள் பெயரளவில் ஒரு சுல்தான் இருந்தார். முறைப்படி முடிசூடிய சுல்தான் எவரும் இல்லை.

அரண்மனைப் பூசல் அரண்மனைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அது உள்ளூர்க் கதையாகவே முடிந்திருக்கும். 1818 நவம்பரில் டச்சுக்காரர்கள் ரியாவுக்கு மீண்டனர். அப்துல் ரகுமானை ஏற்றுக்கொண்டு, பிற ஐரோப்பியர் எவருக்கும் அவர்தம் நாட்டில் இடமில்லை என்ற ஒப்பந்தத்தையும் செய்துகொண்டனர். ராபிள்சும் பார்க்குவாரும் 1819 ஜனவரி இறுதியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறங்கியபோது தெமங்கோங்கின் இசைவு மட்டும் போதவில்லை. சுல்தானின் ஒப்பம் தேவைப்பட்டது. சுல்தானோ டச்சுக்காரர் பிடியில் இருந்தார். அப்போதுதான் ரியாவில் வறுமையில் வாடிக்கொண்டிருந்த மூத்தவரின் நினைவு வந்தது. ஹுசேன் ஓசையின்றி அழைத்து வரப்பட்டார். பிப்ரவரி 6ஆம் நாள் சுல்தானாக அறிவிக்கப்பட்டு ஒப்பமும் இட்டார். அவருக்கு ஆண்டொன்றுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமங்கோங்குக்கு 3,000. நொபாட் முழங்கவில்லை, சோகான் ஏந்தப்படவில்லை. ஆங்கிலக் கொடியும் கப்பல் பீரங்கியும் அவற்றுக்கு ஈடு செய்தன. ஹமீதா 1812இலேயே சின்னங்களைத் தமையனிடம் கொடுத்திருந்தால் அப்துல் ரகுமான் ஐயத்துக்கு இடமில்லாத மன்னராக விளங்கியிருப்பார். ராபிள்ஸ் தேடிய மாற்றுச் சுல்தான் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டார். அவ்வாண்டு மே மாதம் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளைக்கும் அவர்பின் வந்த தமிழர்க்கும் இத்தீவில் கால் ஊன்ற நிலம் அமைந்ததற்கு, பெயர் தெரியாத இவ்வரசியின் பிடிவாதமும் ஒரு காரணமாகிறது.

எதிரி சுல்தானை உண்டாக்கிவிட்ட பிறகு டச்சுக்காரர்களால் பொறுத்திருக்க முடியவில்லை. 1822 அக்டோபரில் மலாக்காவின் டச்சு ஆளுநர் படைவீரர்களுடன் பென்யெங்காட் சென்று, அரசியின் இல்லத்திலிருந்து சின்னங்களை வலிந்து கைப்பற்றினார். மறு ஆண்டு நவம்பரில் அவற்றைக் கொண்டு லிங்காவில் அப்துல் ரகுமான் முறைப்படி முடிசூட்டப்பட்டார். ஒரு கைம்பெண்ணிடமிருந்து சில முரசுகளையும் ஒரு பொன் இலையையும் பெற ஓர் ஐரோப்பிய வல்லரசு படை அனுப்ப வேண்டியிருந்தது என்பதே அவளது வலிமைக்குச் சான்று. 1824 மார்ச்சில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் ஒப்பந்தம் செய்து, ஓர் அரசின் கடலை நடுவே பிளந்தனர். தெற்கே ஒரு சுல்தான். வடக்கே ஒரு சுல்தான்.

வடக்குச் சுல்தானின் கதை சிராங்கூன் சாலைக்கு அருகிலேயே நடந்தது. தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்து சற்றே நடந்தால் கம்போங் கிளாம். அங்கே சுமார் 56 ஏக்கர் நிலம் ஹுசேனுக்கு ஒதுக்கப்பட்டது. 1824 ஆகஸ்டில் கிராபர்டுடன் செய்த ஒப்பந்தத்தால் 33,200 வெள்ளி ரொக்கமும் மாதம் 1,300 வெள்ளியும் பெற்றுக்கொண்டு, தீவின் மீதிருந்த உரிமை முழுவதையும் அவர் விட்டுக்கொடுத்தார். அதிகாரம் நீங்கிய அரண்மனையில் எஞ்சியது அந்தப்புரம் மட்டுமே. அதன் உள்வாழ்வை முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். நாகூரில் குடியேறித் தமிழ்ப் பெண்ணை மணந்த யேமன் நாட்டு அரபியரின் வழிவந்தவர் அவர், தமிழும் கற்றவர். அரண்மனை மதிலுக்குள்ளிருந்து இளம்பெண்கள் 27 பேர் தப்பியோடிக் காவல் நிலையத்தில் அடைக்கலம் புகுந்ததை அவர் கூறுகிறார். அவர்கள் உடலில் அடித்த தழும்புகள் இருந்தன. விரும்பிய இடத்துக்குச் செல்ல அவர்களைக் கிராபர்ட் அனுமதித்தார். சுல்தான் முறையிட்டும் பயன் விளையவில்லை. சீனத் தொடர்களில் அரசியரின் பின்னால் விளக்கேந்தி நிற்கும் பணிப்பெண்களுக்குப் பேச்சு இருப்பதில்லை. கம்போங் கிளாமில் அவர்கள் நடந்தே பேசினர்.

ஹுசேனின் மனைவி தெங்கு பெர்புவைப் பற்றியும் அப்துல்லா எழுதுகிறார். மலாக்காவைச் சேர்ந்த அப்துல் காதிர் என்னும் தமிழ் வழி இளைஞன் சுல்தானின் குடும்பத்தில் செல்வாக்குப் பெற்றான். அரசியோடு அவனை இணைத்து ஊர் பேசியது. கம்போங் கிளாம் மலாய்க்காரர் சிலர் அவனைக் கொல்லத் துணிந்தனர். அவன் மலாக்காவுக்கு ஓடினான். சுல்தான் குடும்பமும் 1834இல் அங்கே பெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஹுசேன் அங்கேயே இறந்து தெங்கெரா பள்ளிவாசலில் அடக்கமானார். இச்செய்திகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வம்பு என்று பிரித்தறிவது எளிதன்று. அரண்மனை வீழும்போது பழியைப் பெண்ணின் தலையில் சுமத்துவது சீனத்து வரலாற்றாசிரியர்கள் மட்டும் பழகிய வழக்கமன்று.

ஹுசேனின் மகன் அலி கம்போங் கிளாமுக்குத் திரும்பினார். இன்று காணும் மஞ்சள் நிற மாளிகை அவர் காலத்தில் 1843இல் எழுந்தது. அவரும் தந்தையின் வழியையே தொடர்ந்தார். 1855இல் ஜொகூரின் ஆட்சியைப் பெரும்பாலும் தெமங்கோங் இப்ராகிமிடம் விட்டுச் சுல்தான் என்னும் பட்டத்தை வைத்துக்கொண்டார். 1877இல் அவர் மலாக்காவை அடுத்த உம்பாயில் இறந்தபோது, மூன்றாம் மனைவி சிக் செம்போக் பெற்ற மகன் மகமூதை வாரிசாக்கிச் சென்றார். மூத்த மகன் அலாம் இதை ஏற்கவில்லை. 1879இல் மூவார் பகுதியை ஒட்டிய ஜெமெந்தாவில் துப்பாக்கிகள் வெடித்தன. பின்னர் மனைவியர் வழிப் பேரப்பிள்ளைகளின் பங்குகள் நீதிமன்றத்தை அடைந்தன. முத்திரையும் முரசும் இல்லாத அந்தப்புரத்தில் சண்டை வாடகை வருவாயைப் பற்றியதாகச் சுருங்கிவிட்டது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் அரசுக்கு உரியது என்றும், ஹுசேனின் வழியினருக்கு உதவித்தொகை உண்டு என்றும் வகுத்தது. 2005இல் அம்மாளிகை மலாய் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் முதற்காரணமாக இருந்தவள், சின்னங்களை இழந்த பின்னும் பென்யெங்காட்டை விட்டு நீங்கவில்லை. அத்தீவு அவளுக்கு மணக்கொடையாக வந்த உடைமை. அவளுடைய உடன்பிறந்தார் மகன் ராஜா அலி ஹாஜி அங்கேதான் வளர்ந்து மலாய் இலக்கியத்தின் பெரும்புலவரானார். பூகிஸ் குலத்தின் பக்கம் நின்று அவர் எழுதிய துக்பத் அல் நபிஸ் என்னும் வரலாற்று நூலும் இந்தப் பூசலைச் சொல்கிறது. ஹமீதா 1844இல் மறைந்தாள். மூன்றாண்டுகளுக்குப் பின் அப்புலவர் இயற்றிய பன்னிரண்டு பகுதி அறநூலின் வரிகள் அவள் கல்லறையைச் சூழ்ந்த சுவரில் இப்போது பொறிக்கப்பட்டுள்ளன. அதன் செய்யுள் வகைக்குக் குரிந்தாம் என்று பெயர். அச்சொல் தமிழிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. கல்லறையின் மீது மலாய் அரசகுலத்துக்குரிய மஞ்சள் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. அவள் காத்த சின்னங்களில் ஒன்றும் அங்கே இல்லை.