துரும்பில் தீராத கணக்கு

மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் கல்யாணத்தை முறிக்க ஒரு துரும்பே போதும். பஞ்சாயத்துக் கூடியிருக்கும்போது புருஷன் ஒரு துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் உறவு அற்றது. துரும்பு கொடுத்தல் என்றால் விலக்கிவிடுதல், துரும்பு வாங்குதல் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுதல் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், கள்ளர் பற்றிய பகுதியில் எழுதிவைத்திருக்கிறார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பேச்சில் இது ‘தீத்துவிடுறது’, ‘அத்துவிடுறது’.

அந்த வழக்கத்தை இகழ்வதற்கில்லை. சாஸ்திரத்தை ஆதாரமாகக் கொண்ட இந்துச் சட்டம் பெண்ணுக்கு விடுதலையே தராதிருந்த நாளில், உழைக்கும் சாதிகளிடம் பிரியவும் வழி இருந்தது, மறுபடி தாலி கட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு மணவிலக்கைச் சட்டமாக்கியது 1949இல்தான். 1955இன் இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தபோதும், வழக்கத்தின்படி நடந்த விலக்கை அது ரத்து செய்யவில்லை. ஆனால் தங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் பின்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

துரும்பு தீர்த்தது புருஷன் பெண்டாட்டி கணக்கைத்தான். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பது பெரியவர்களின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொன்னது, வியப்பாக இருக்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1872இல் அதை நிறைவேற்றி வைத்த ஆங்கிலேயச் சட்ட வல்லுநர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் பெண்ணுரிமையைப் பேசவில்லை. கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலையாமல் தடுப்பதே அவர் சொன்ன நோக்கம். 1898இன் சட்டத்தில் இது 488ஆம் பிரிவு. மாதத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் கிடையாது. 1923இல் அது 100 ஆயிற்று, 1955இல் 500. இந்தப் பிரிவில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு: முறையாகத் தாலி கட்டியவளுக்குப் பிறந்த பிள்ளையா இல்லையா என்று அது பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையானாலும் தகப்பன் படியளக்க வேண்டும்.

1973இல் சட்டத்தைப் புதிதாக எழுதி, 1974 ஏப்ரல் 1 முதல் அதை 125ஆம் பிரிவாக்கினார்கள். விவாகரத்தான மனைவியும் வயதான பெற்றோரும் உள்ளே வந்தார்கள். அந்த 500 ரூபாய் மட்டும் அப்படியே நின்றது. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மொத்தமாக 500 ரூபாயா, தலைக்கு 500 ரூபாயா என்ற வழக்கு 1978இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தலைக்கு 500 வரை என்று தீர்ப்பெழுதினார் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஏழைகளுக்குச் சட்ட உதவி எப்படித் தரலாம் என்று 1973இல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவர்தான். 2001 செப்டம்பரில்தான் வரம்பு ஒருவழியாக நீங்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் வரை 500 ரூபாயே உச்சமாக இருந்ததற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

காசு ஒரு தடை என்றால் தூரம் இன்னொரு தடை. 1985இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து காமராஜர் மாவட்டம் உருவானது. இன்று அது விருதுநகர் மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரிலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அமைந்தன. ராஜபாளையத்துக்காரருக்கு அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் டவுன் பஸ் தூரம். ஆனால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, சீராய்வு என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்த பிறகுதான் அந்த ராப் பயணம் நின்றது.

பத்துக் கிலோமீட்டரும் சில பேருக்குத் தூரம்தான். தளவாய்புரத்தில் பீஸ் கணக்கில் நைட்டி தைக்கிறவளுக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிறவளுக்கும் வாய்தா நாள் என்பது கூலி இல்லாத நாள். கையில் மஞ்சப்பை. உள்ளே கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்று. ரேஷன் கார்டு மட்டும் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். அவளுடைய பெயர் அதிலிருந்து நீங்கியிருக்காது. அம்மா வீட்டுக் கார்டில் ஏறியும் இருக்காது. கேஸ் கூப்பிட்டால், புருஷன் வரவில்லை என்பார்கள். அடுத்த வாய்தா. ஜீவனாம்ச மனுவுக்கு எம்.சி. என்ற வழக்கு நம்பர் கிடைத்த அன்று இருந்த தெம்பு நாலாவது வாய்தாவில் இருப்பதில்லை.

அவள் வக்கீலுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1976இல் அரசியல் சட்டத்தில் இலவசச் சட்ட உதவிக்கான 39ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 1987இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம். கோர்ட் கட்டணம், பேட்டா எல்லாம் அதிலேயே அடங்கும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அதே சலுகை உண்டு. ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கும் தகப்பனும், நியாயம் தன் பக்கம் இருப்பதாக நினைத்தால், இந்த உதவியைக் கேட்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் குடும்பநல நீதிமன்றமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றன. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், இலவச வக்கீல் என்றால் ஒப்புக்குத்தான் வாதாடுவார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு நகையை அடகு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

கோர்ட்டில் அடிக்கடி கேட்கும் வசனம், ‘எனக்கு வருமானமே இல்லங்கய்யா.’ இதற்கு இரண்டு பதில்கள் வந்துவிட்டன. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இருதரப்பும் சொத்து, சம்பளம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2022இல் அஞ்சு கார்க் வழக்கில், உடலில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்றது.

உத்தரவு வாங்குவதைவிடப் பணம் வாங்குவது கடினம். இரண்டு மாதம் கொடுத்துவிட்டு மூன்றாவது மாதம் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுகிறவர்கள் உண்டு. பாக்கிக்கு மனுப் போட்டால் வாரண்ட் வரும். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு 1989இலேயே குல்தீப் கௌர் வழக்கில் பதில் சொல்லியாகிவிட்டது: சிறை என்பது பணத்தை வசூலிக்கும் வழி, பணத்துக்கு ஈடல்ல.

2024 ஜூலை 1 முதல் 125ஆம் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாகிவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது. தாயும் பிள்ளையும் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும். ‘பொறுத்துப் பாப்போம்’ என்று தள்ளிப்போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பெரியவர்கள் நீட்டும் பத்திரத்தில், இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று தாய் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பிள்ளை தன் பங்கைக் கேட்க அது தடையாகாது. பக்கத்து வீட்டில் அப்படியொரு பெண் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருந்தால், சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய 15100 என்ற எண்ணை அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் முதல் தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கூடவே ஏறுங்கள்.